முத்திரையிட்ட சாடிக் கைப்பிடியால் கிரேக்கச் சிற்றூரின் காலத்தைச் சொல்ல முடியுமா?

வியாசர்பாடி வாசகர்:
பெரம்பூரில் எங்கள் வாசகர் வட்டத்தில் பண்டைய கிரேக்க நாட்டுப்புற வாழ்க்கையைப் பற்றிப் பேசும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. நகரங்களின் காலத்தைச் சொல்லக் கல்வெட்டுகளும் வரலாற்று நூல்களும் இருக்கின்றன. வயல் நடுவே இருந்த பண்ணை வீட்டுக்கு அவை இல்லாதபோது, மதுச் சாடியின் கைப்பிடியில் உள்ள முத்திரையை வைத்தே ஆய்வாளர்கள் காலம் குறிக்கிறார்கள். ஒரு முத்திரை கிடைத்தால், அது காட்டும் ஆண்டில் அங்கே மக்கள் குடியிருந்தார்கள் என்று சொல்லிவிடலாமா?

திருவொற்றியூர் உறுப்பினர்:
ரோட்ஸ் தீவுச் சாடிகளிலிருந்து தொடங்குங்கள், ஐயா. அவற்றின் ஒரு கைப்பிடியில் சூரியக் கடவுளான ஹீலியோஸின் பூசாரி பெயரும் மற்றொன்றில் சாடி செய்தவரின் பெயரும் பொறிக்கப்பட்டன. பின்னர் மாதத்தின் பெயரும் சேர்ந்தது. பூசாரி ஆண்டுதோறும் மாறியதால், பெயர்களை வரிசைப்படுத்திவிட்டால் ஒவ்வொரு பெயரும் ஓர் ஆண்டைக் குறிக்கும். அந்த வரிசையை நாட்காட்டியோடு பொருத்துவதற்குக் காலம் தெரிந்த அழிவுகள் துணை நின்றன: கி.மு. 146இல் வட ஆப்பிரிக்க நகரமான கார்த்தேஜ் அழிந்ததால், அந்த அழிவின்போது படிந்த மண் அடுக்கில் கிடைக்கும் முத்திரைகள் அதற்குப் பிந்தியவையாக இருக்க இயலாது. ஏதென்ஸின் சந்தைச் சதுக்கமான அகோராவில் கிடைத்த முத்திரைகளை வர்ஜீனியா கிரேஸ் பல பத்தாண்டுகள் ஆராய்ந்து காலப்பிரிவுகளை அமைத்தார். 2001இல் ஜெரால்ட் ஃபிங்கியெல்ஸ்டைன் அவற்றுள் ஒரு பகுதியை ஏறத்தாழப் பத்தாண்டு பிந்தியதாக நகர்த்தினார். ஆகவே பழைய அறிக்கை எதையும் மேற்கோள் காட்டுமுன், அது எந்தக் காலவரிசையைப் பின்பற்றியது என்று பார்த்துவிடுங்கள்.

ராயபுரம் வாசகி:
முத்திரை சொல்வது சாடி செய்யப்பட்ட ஆண்டை மட்டுமே. எங்கள் பகுதியின் பழைய வீடுகளில் மங்களூர் ஓடுகளைப் பார்த்திருப்பீர்கள். பாசல் மிஷன் ஓட்டில் உள்ள 1865 என்பது தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு. அந்த ஓடு அதற்கு வெகுகாலம் பின்னர் வார்க்கப்பட்டிருக்கலாம், ஒரு வீட்டை இடித்தபோது எடுத்து வேறொரு கூரையில் ஏற்றப்பட்டும் இருக்கலாம். காலியான மதுச் சாடியும் அப்படித்தான், தண்ணீருக்கோ தானியத்துக்கோ நெடுநாள் பயன்பட்டிருக்கும். தனியாகக் கிடைத்த ஒரு கைப்பிடி, அது கிடந்த அடுக்கு அந்த ஆண்டுக்கு முந்தியதன்று என்பதை மட்டுமே உறுதி செய்கிறது.

வியாசர்பாடி வாசகர்:
நன்றி அம்மா. அப்படியானால் எத்தனை முத்திரைகள் இருந்தால் நம்பலாம்?

திருவொற்றியூர் உறுப்பினர்:
எண்ணிக்கையைக் காட்டிலும், அவை எங்கே, எவற்றோடு சேர்ந்து கிடைத்தன என்பதே முக்கியம். உழவு நிலத்தில் மேற்பரப்பில் பொறுக்கியவற்றில் தடித்த கைப்பிடிகள் எளிதில் உடையாமல் நிலைத்து நிற்கின்றன. மெல்லிய சமையல் பானைகளோ நொறுங்கிவிடுகின்றன. முத்திரை இடாத சாடிகளும் ஏராளம். எனவே முத்திரைகள் கிடைக்காத காலத்தில் ஊர் ஆளின்றிக் கிடந்தது என்று முடிவு கட்டவும் கூடாது. வெளியூர் மது வாங்குவதை மக்கள் நிறுத்தியிருக்கலாம்.

ஏதென்ஸைச் சூழ்ந்த அட்டிகா பகுதியின் கிழக்குக் கரையில் உள்ள கொரோனியைக் கட்டாயம் சொல்லுங்கள். அது பண்ணையன்று, குறுகிய காலமே இருந்த படைமுகாம். ஆனாலும் இந்த முறையின் சிக்கலை அதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் எனக்குத் தெரியவில்லை. 1960இல் அங்கே எகிப்தை ஆண்ட இரண்டாம் தாலமியின் நாணயங்கள் கிடைத்தன. அகழ்ந்தவர்கள் அதைக் கி.மு. 260களில் ஏதென்ஸும் அதன் கூட்டாளிகளும் மாசிடோனியாவோடு நடத்திய கிரெமோனிடியன் போரோடு இணைத்தார்கள். அங்கிருந்த சாடிகளோ அன்றைய காலவரிசைப்படி சில பத்தாண்டுகள் முந்தியவை. முதலில் உடன்படாத கிரேஸ், 1974இல் தம் காலவரிசையைத் திருத்தி வெளியிட்டார். முத்திரையால் இடத்தின் காலத்தைச் சொல்லப் புறப்பட்ட ஆய்வு, இடத்தால் முத்திரையின் காலத்தைத் திருத்திக்கொண்டது. இதுவே இத்துறையின் நேர்மை என்று நான் மதிக்கிறேன்.

ராயபுரம் வாசகி:
புதுச்சேரி அருகே உள்ள அரிக்கமேட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1945இல் தொல்லியலாளர் வீலர், இத்தாலியக் குயவர் முத்திரை பதிந்த அரிட்டைன் என்னும் சிவப்பு மட்கலத் துண்டுகளைக் கொண்டுதான் அந்த அடுக்குகளுக்குக் காலம் குறித்தார். பின்னர் விமலா பெக்லி குழு மறுபடியும் தோண்டியபோது, ஊரின் வாழ்வு அவர் வகுத்த எல்லையைவிட நீண்டது என்ற கருத்து வலுப்பெற்றது. கேட்பவர்களுக்குக் கிரேக்கப் பண்ணையைப் பற்றிய எச்சரிக்கை அதனால் எளிதில் விளங்கும்.