மாடி ஜன்னல் மூட மாட்டேன் என்கிறது, கைக்குழந்தை இருக்கிறது, யாராவது சொல்லுங்கள்

லீட்ஸ் புதுவரவு:
வணக்கம். இங்கிலாந்து வந்து ஆறு வாரம்தான் ஆகிறது. மனைவி நர்ஸ், இன்று அவளுக்கு இரவு ஷிப்ட். வீட்டில் நானும் ஏழு மாதப் பையனும் மட்டும். சாயங்காலம் குழம்பு தாளித்ததில் புகை அலாரம் அலறியது. காற்று போகட்டும் என்று மாடி அறை ஜன்னலைத் திறந்தேன். இப்போது மூட முடியவில்லை. எவ்வளவு இழுத்தாலும் ஒரு விரல் இடைவெளியில் இடித்து நிற்கிறது. வெளியே 1 டிகிரி. வெள்ளை பிளாஸ்டிக் ஜன்னல், யு.பி.வி.சி. என்று சொல்கிறார்கள். புது ஜன்னல் போட எவ்வளவு ஆகும்? நாமே சரிசெய்ய வழி உண்டா? பையன் அழுதுகொண்டே இருக்கிறான்.

கீன்ஸ் மல்லி:
தம்பி, புது ஜன்னல் என்ற பேச்சையே எடுக்காதீர்கள். நாங்கள் மில்டன் கீன்ஸில் வீடு வாங்கிய முதல் குளிர்காலத்தில் ஹால் ஜன்னலின் இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் ஆவி படிந்துவிட்டது. துடைத்தால் போகாது, ஏனென்றால் அது உள்ளே இருக்கிறது. பார்க்க வந்த விற்பனையாளர் ஆறு ஜன்னலையும் மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் இரண்டு நாள் தூங்கவில்லை. அப்புறம் உள்ளூர்க் கண்ணாடிக்காரர் ஒருவர் வந்து பார்த்து, ஃபிரேம் நன்றாகத்தான் இருக்கிறது, கண்ணாடி யூனிட்டை, அதாவது இரண்டு கண்ணாடியும் சேர்த்து ஓரம் அடைத்த பாளத்தை மட்டும் மாற்றினால் போதும் என்றார். அரை மணி நேர வேலை.

ஈரம் எங்கே படிகிறது என்பதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். உள்பக்கம் படிந்தால் அது வீட்டுக் காற்றில் உள்ள ஈரம். வெளிப்பக்கம் காலையில் படிந்தால் கண்ணாடி சூட்டை வெளியே விடாமல் நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தம், பயப்பட ஒன்றுமில்லை. இரண்டுக்கும் நடுவில் படிந்தால்தான் யூனிட்டின் சீல் போய்விட்டது. இட்லி வேகவைக்கும்போது சமையலறைக் கதவைச் சாத்தி வையுங்கள். துணியை ரேடியேட்டர் மேல் காயப்போடாதீர்கள். ஜன்னலுக்கு மேலே சின்னதாக இழுத்து விடும் காற்றுத் துளை இருந்தால் குளிருக்குப் பயந்து டேப் ஒட்டி அடைக்காதீர்கள். அங்கேதான் கறுப்புப் பூஞ்சை ஆரம்பிக்கும்.

ஷெஃபீல்ட் மாணவன்:
அண்ணா, டபிள்யூ.டி.40 வாங்கி கீலிலும் கைப்பிடியிலும் அடியுங்கள். எங்கள் வீட்டில் நான்கு பேர் இருக்கிறோம், எந்த ஜன்னல் மக்கர் செய்தாலும் அதுதான். ஐந்து நிமிடம் விட்டு இழுத்தால் மூடிவிடும்.

ரெடிங் ராத்திரி ஷிப்ட்:
தயவுசெய்து எதையும் தொடாதீர்கள். நீங்கள் வாடகைக்கு இருக்கிறீர்களா, சொந்த வீடா என்றே சொல்லவில்லை. ஆறு வாரம் என்றால் வாடகைதான் என்று நினைக்கிறேன். வாடகை வீட்டில் ஒரு ஸ்க்ரூவைக் கழற்றினாலும் டெபாசிட்டில் பிடித்துவிடுவார்கள். எனக்கு நடந்தது. நான் வந்த இரண்டாவது மாதம் குளியலறை ஜன்னலின் கைப்பிடி கையோடு வந்துவிட்டது. நானே பசை போட்டு ஒட்டினேன். காலி செய்யும்போது என் மேல்தான் பழி. ஏஜென்டுக்கு இப்போதே மின்னஞ்சல் அனுப்புங்கள், போட்டோவோடு.

ஹாரோ பெரியவர்:
தம்பி, நான் வந்தது தொண்ணூறுகளின் ஆரம்பத்தில். அப்போது நாங்கள் ஆறு பேர் இருந்த அறையில் ஒற்றைக் கண்ணாடி போட்ட பழைய மர யன்னல். விடிய எழும்பிப் பார்த்தால் கண்ணாடியின் உட்பக்கத்திலேயே பனி உறைந்திருக்கும், நகத்தால் சுரண்டலாம். பத்திரிகைத் தாளை மடித்து இடுக்கெல்லாம் செருகி, அதன் மேல் போர்வையைத் தொங்கவிட்டுத்தான் படுத்தோம். ஊரில் சண்டை, கடிதம் வந்து சேரவே மாதக் கணக்காகும். அந்தக் குளிரையும் தாங்கினோம். நீங்களும் தாங்குவீர்கள். இப்போதைக்குப் பிள்ளையை வேறு அறைக்குக் கொண்டுபோய் கதவைச் சாத்துங்கள். யன்னல் காலையிலும் அங்கேதான் இருக்கும்.

லீட்ஸ் புதுவரவு:
பெரியவர் சொன்னபடி பையனைப் பின்பக்க அறைக்குக் கொண்டுவந்துவிட்டேன், தூங்கிவிட்டான். வாடகை வீடுதான், ஏஜென்சி மூலம். போன் செய்தேன், அலுவலக நேரத்தில் அழைக்கவும் என்று பதிவுக் குரல்தான் வருகிறது. ஷெஃபீல்ட் தம்பி சொன்ன ஸ்ப்ரே வீட்டில் இல்லை. தேங்காய் எண்ணெய் போடலாமா?

கீன்ஸ் மல்லி:
எண்ணெய் வேண்டாம்! தூசியும் முடியும் அதில் ஒட்டி இன்னும் இறுகும்.

குராய்டன் கண்ணாடிக்காரன்:
நான் பதினெட்டு வருடமாக ஜன்னல் வேலை செய்கிறேன். எண்ணெயும் வேண்டாம், டபிள்யூ.டி.40-ம் வேண்டாம். அந்தப் பெயரில் உள்ள டபிள்யூ.டி. என்பதே நீரை விரட்டும் என்பதன் சுருக்கம். துருப்பிடித்து இறுகியதை அப்போதைக்கு இளக்க உதவும், கீலில் நிலைத்து நிற்காது. கீலுக்கு சிலிக்கோன் ஸ்ப்ரேதான் சரி. ஆனால் இங்கே பிரச்சினை கீல் மாதிரியே தெரியவில்லை. தம்பி, இதைச் சொல்லுங்கள். கைப்பிடி இப்போது எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது? திருப்பினால் இறுக்கமாக இருக்கிறதா, லொடலொடவென்று சுற்றுகிறதா? கைப்பிடியில் சாவித் துளை உண்டா? ஜன்னல் கதவு ஒரு மூலையில் மட்டும் இடிக்கிறதா, பக்கவாட்டு முழுக்க இடிக்கிறதா?

ரெடிங் ராத்திரி ஷிப்ட்:
பதிவுக் குரலைப் பற்றிச் சொன்னதும் எனக்கு வயிறு எரிகிறது. வாடகை ஒரு நாள் தாமதமானால் காலை ஒன்பது மணிக்கே போன் வரும். பாய்லர் நின்றுபோனால் மூன்று நாள் ஆளே இருக்காது.

ஷெஃபீல்ட் மாணவன்:
உண்மை அக்கா. இங்கே டிசம்பரில் நான்கு மணிக்கு முன்னாலேயே இருட்டிவிடுகிறது. வகுப்பு முடிந்து வந்தால் வீடு ஐஸ்பெட்டி. ஹீட்டர் போட்டால் மீட்டர் ஓடுகிறது. அம்மா வீடியோ அழைப்பில் ஏன் வீட்டுக்குள் ஜாக்கெட் போட்டிருக்கிறாய் என்று கேட்கிறார். என்ன பதில் சொல்வது?

கீன்ஸ் மல்லி:
நாம் யாரும் புகார் செய்வதில்லை, அதுதான் அவர்களுக்கு வசதி. விசாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து பூஞ்சை பிடித்த அறையில் குழந்தையைப் படுக்கவைத்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். ராச்டேலில் 2020 டிசம்பரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை இறந்தது வீட்டுப் பூஞ்சையால்தான் என்று விசாரணையில் தெரிந்தது. அந்தப் பெற்றோர் திரும்பத் திரும்ப முறையிட்டவர்கள். அந்தக் குழந்தையின் பெயரில்தான் சமூகக் குடியிருப்புகளுக்கான, அதாவது கவுன்சிலும் வீட்டுவசதிச் சங்கங்களும் வாடகைக்கு விடும் வீடுகளுக்கான அவாப் சட்டம் வந்தது. ஜன்னல் ஈரத்தைச் சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது.

ஹாரோ பெரியவர்:
பிள்ளை சொல்வது சரி. எங்கள் காலத்தில் இதைக் கேட்க வேண்டும் என்றுகூடத் தெரியாது. மொழியும் இல்லை, கேட்டால் வெளியே போகச் சொல்வார்கள் என்ற பயம்.

குராய்டன் கண்ணாடிக்காரன்:
எல்லாம் நியாயம்தான், ஆனால் ஒரு ஜன்னல் இன்னும் திறந்து கிடக்கிறது. தம்பி, பதில் சொல்லுங்கள்.

லீட்ஸ் புதுவரவு:
மன்னிக்கவும், பால் கலக்கப் போயிருந்தேன். கைப்பிடி எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சுற்றுகிறது, பிடிப்பே இல்லை. முதலில் இப்படி இல்லை. இன்னொன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். அலாரம் அலறிய அவசரத்தில் கதவு முழுக்கச் சேர்வதற்கு முன்னாலேயே கைப்பிடியைத் திருப்பிவிட்டேன். மூடவில்லை என்றதும் பலமாக இழுத்தேன், டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. அதற்கப்புறம்தான் கைப்பிடி இப்படி. சாவித் துளை இருக்கிறது, சாவி இல்லை. மூலை என்று இல்லை, கைப்பிடி உள்ள பக்கம் முழுக்க இடிக்கிறது.

குராய்டன் கண்ணாடிக்காரன்:
இதுதான் வேண்டும். இனி நிதானமாகச் செய்யலாம்.

ஜன்னல் கதவின் விளிம்பைப் பாருங்கள். நீளமாக ஓர் உலோகப் பட்டை ஓடும், அதில் இரண்டு மூன்று இடத்தில் காளான் தலை மாதிரிச் சின்னக் குமிழ்கள் நிற்கும். கைப்பிடியைத் திருப்பினால் பட்டை மேலும் கீழும் நகரும், குமிழும் கூடவே நகரும். ஃபிரேமில் அதற்கு நேரே உலோகக் கவ்விகள் இருக்கும். குமிழ், கவ்வியின் திறந்த வாய்க்கு நேராக இருந்தால்தான் உள்ளே போகும். நீங்கள் கதவு சேர்வதற்கு முன்னால் திருப்பிவிட்டதால் குமிழ் பூட்டும் நிலைக்குப் போய்விட்டது. அதனால்தான் கவ்வியில் போய் இடித்து ஒரு விரல் இடைவெளி நிற்கிறது. டக்கென்ற சத்தம் பெரும்பாலும் கைப்பிடியிலிருந்து ஜன்னலுக்குள் போகும் சதுரக் கம்பி உடைந்தது. பெரிய செலவு இல்லை, கைப்பிடி மட்டும் பத்து பவுண்டு அளவில் கிடைக்கும்.

பையன் அந்த அறைக்கு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், நீங்களும் வெளியே சாய வேண்டாம். ஸ்க்ரூ டிரைவரும் மூக்குக் குறடும் இருந்தால் போதும். உடைந்த கைப்பிடியைப் படுக்கைவாட்டில் திருப்புங்கள், அடியில் ஒரு ஸ்க்ரூ தெரியும். இன்னொன்று சின்ன மூடிக்கு அடியில் இருக்கலாம், நகத்தால் நெம்பினால் வரும். இரண்டையும் கழற்றிக் கிண்ணத்தில் போட்டு வையுங்கள். கைப்பிடியைக் கழற்றியதும் ஒரு சதுர ஓட்டை தெரியும். உடைந்த துண்டு உள்ளே இருந்தால் குறடால் மெதுவாக இழுத்துவிடுங்கள்.

இப்போது பக்கத்து அறையில் பூட்டியிருக்கும் ஜன்னலின் கைப்பிடியை அதே மாதிரி கழற்றுங்கள். பூட்டிய நிலையில் கழற்றினால் அந்த ஜன்னல் பூட்டியபடியே இருக்கும். அந்தக் கைப்பிடியின் கம்பியை இந்த ஓட்டையில் செருகித் திருப்புங்கள். குமிழ்கள் நகர்ந்தால் உள்ளே உள்ள கியர்பாக்ஸ், அதாவது கம்பி திரும்பும்போது பட்டையை நகர்த்தும் பெட்டி, நன்றாக இருக்கிறது. குமிழ்களைக் கவ்வியின் வாய்க்கு நேராகக் கொண்டுவந்து கதவை மூடி, பிறகு திருப்புங்கள். குமிழ் நகரவே இல்லை என்றால் கியர்பாக்ஸ் போயிருக்கிறது. அப்போது பலம் காட்ட வேண்டாம். கதவை முடிந்த அளவு சேர்த்து, இடைவெளியில் துணியை மடித்து வைத்து உள்பக்கமாக மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். பார்சல் டேப் வேண்டாம், பசை பிளாஸ்டிக்கில் தங்கிவிடும்.

ரெடிங் ராத்திரி ஷிப்ட்:
கழற்றுவதற்கு முன்னால் போட்டோவும் வீடியோவும் எடுங்கள். இதையாவது கேளுங்கள்.

குராய்டன் கண்ணாடிக்காரன்:
அக்கா சொல்வதைச் செய்யுங்கள், நான் விட்டுவிட்டேன்.

லீட்ஸ் புதுவரவு:
மூடிவிட்டது!!! குமிழ் நகர்ந்தது. கைப்பிடியின் கம்பி இரண்டாக உடைந்திருந்தது, பாதி உள்ளே மாட்டியிருந்தது. கை நடுங்குகிறது. எல்லோருக்கும் நன்றி, பெரியவருக்கும். இனி ஏஜென்டிடம் என்ன சொல்வது? நான்தான் உடைத்தேன் என்று சொல்ல வேண்டுமா?

கீன்ஸ் மல்லி:
நல்லவேளை. நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். ஜன்னலை மூடும்போது கைப்பிடி உள்ளே உடைந்தது, குழந்தை இருந்ததால் தற்காலிகமாக மூடினேன், புதுக் கைப்பிடியும் சாவியும் வேண்டும் என்று எழுதுங்கள். இங்கிலாந்தில் 1985ஆம் ஆண்டின் லேண்ட்லார்ட் அண்ட் டெனன்ட் (வீட்டுக்காரர், வாடகைதாரர்) சட்டம், 11ஆம் பிரிவுப்படி வீட்டின் கட்டமைப்பும் வெளிப்புறமும் வீட்டுக்காரர் பொறுப்பு, ஜன்னலும் அதில் வரும். நீங்கள் முரட்டுத்தனமாகக் கையாண்டீர்கள் என்று அவர்கள் வாதாடினாலும் பேச்சு ஒரு கைப்பிடி விலையைத் தாண்டாது. போனில் பேசினாலும் பிறகு மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள். பதிலே இல்லை என்றால் லீட்ஸ் கவுன்சிலின் தனியார் வாடகை வீட்டுப் பிரிவுக்கு எழுதலாம்.

ரெடிங் ராத்திரி ஷிப்ட்:
டெபாசிட்டை அரசு அங்கீகரித்த திட்டத்தில் 30 நாளுக்குள் போட்டு, விவரத்தை உங்களுக்கு எழுத்தில் தந்திருக்க வேண்டும். ஆறு வாரம் ஆகிவிட்டதே, அந்தக் காகிதம் வந்ததா என்று நாளைக்கே பாருங்கள். நான் என் முதல் வீட்டில் அதைக் கேட்கவே இல்லை, கேட்டிருந்தால் பசை போட்ட கதை வேறு மாதிரி முடிந்திருக்கும். இன்னொன்று, நர்ஸாகச் சொல்கிறேன். குழந்தை தூங்கும் அறை 16 முதல் 20 டிகிரி இருந்தால் போதும். ஜன்னல் மூடிவிட்டது என்று ஹீட்டரை ஏற்றி, போர்வை மேல் போர்வை போர்த்திவிடாதீர்கள்.

ஷெஃபீல்ட் மாணவன்:
கண்ணாடிக்கார அண்ணா, எங்கள் வீட்டு ஜன்னல் மூடினாலும் காற்று வருகிறது. அதுக்கு என்ன?

குராய்டன் கண்ணாடிக்காரன்:
ஊதுபத்தியை ஏற்றி, திரைச்சீலையை ஒதுக்கிவிட்டு, ஜன்னலின் ஓரமாக மெதுவாகக் கொண்டுபோ. புகை எங்கே சாய்கிறதோ அங்கே காற்று வருகிறது. அந்த இடத்தில் ஒரு தாளை வைத்து ஜன்னலை மூடி இழுத்துப் பார். சுலபமாக உருவி வந்தால் அங்கே பிடிப்பு இல்லை. பல ஜன்னல்களில் அந்தக் காளான் தலைக் குமிழை ஆலன் கீயால் (ஆறு பட்டை உள்ள சின்ன வளைந்த சாவி) கொஞ்சம் திருப்பினாலே இறுகிவிடும். ரப்பர் கிழிந்தோ சுருங்கியோ இருந்தால் அதன் ஒரு துண்டை வெட்டி எடுத்துக் கடைக்குக் கொண்டுபோ, வடிவம் பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஃபிரேமின் அடியில் தண்ணீர் வடியும் சின்னத் துளைகள் இருக்கும், காற்று வருகிறது என்று அவற்றை மட்டும் அடைத்துவிடாதே.

லீட்ஸ் தம்பி, ஏஜென்ட் நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள் என்றால் உடைந்த கைப்பிடியை எறியாமல் வைத்திருங்கள். இரண்டு ஸ்க்ரூத் துளைக்கும் நடுவே பெரும்பாலும் 43 மில்லிமீட்டர் இருக்கும், கம்பி 7 மில்லிமீட்டர் சதுரம். நீளம்தான் ஜன்னலுக்கு ஜன்னல் மாறும். உங்களுடையது உடைந்துவிட்டதால் பக்கத்து அறைக் கைப்பிடியில், அடித்தட்டுக்கு வெளியே நிற்கும் கம்பியை மட்டும் அளந்துகொள்ளுங்கள். கைப்பிடி வளைந்த வகை என்றால் இடது, வலது உண்டு, அதையும் பார்த்து வாங்குங்கள்.

லீட்ஸ் புதுவரவு:
அளந்தேன், 40 மில்லிமீட்டர். வளைவு இல்லை, நேரானது. ஏஜென்டுக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன், போட்டோவோடு. டெபாசிட் காகிதம் மட்டும் கிடைக்கவில்லை, மனைவி காலையில் வந்ததும் தேடுகிறோம்.