மேப்பிளும் ரம்புத்தானும் ஒரே குடும்பமா?

கொடிமலைவாசி (பினாங்கு):
டிஎன்ஏ ஆய்வின்படி மேப்பிள் ரம்புத்தானுக்குச் சொந்தம் என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு ஒப்பவில்லை. மேப்பிளில் இலைகள் எதிரெதிரே ஜோடியாக வரும். காய்க்கு இரண்டு சிறகு, சுழன்றுகொண்டே விழும். பாலேக் பூலாவ் ரம்புத்தானில் இதில் எது இருக்கிறது? கண்ணால் பார்த்து வகுத்ததை டிஎன்ஏவை வைத்து ஏன் கலைக்க வேண்டும்?

கெப்போங் செல்வி:
அண்ணா, இலையை நம்பினால் மேப்பிளிலேயே ஏமாந்துபோவோம். நம்ம மலேசிய மலைக்காட்டிலும் ஒரு மேப்பிள் உண்டு, ஏசர் லாரினம். கனடாக் கொடியில் உள்ள இலையைத் தேடிப் போனால் அது கண்ணில் படாது. பிளவே இல்லாத முழு இலை, அடிப்புறம் வெளிறியிருக்கும், எப்போதும் பச்சை. வட அமெரிக்க மேப்பிளான ஏசர் நெகுண்டோவுக்கோ பல சிற்றிலைகள் சேர்ந்த கூட்டிலை.

டிஎன்ஏவில் ஒரே பகுதியைப் பல மரங்களிலிருந்து எடுத்து வரிசையாக வைத்து, எந்த மாற்றம் யார் யாருக்குப் பொது என்று பார்க்கிறார்கள். அப்படிப் பார்த்ததில் மேப்பிள் பூவந்திக்கொட்டையின் குடும்பமான சபிண்டேசிக்குள் வந்துவிட்டது. ரம்புத்தான், லொங்கான், நாம் தோசைக்கு அரைக்கும் முடக்கத்தான் எல்லாம் அதில்தான். ஆனால் மேப்பிளுக்கு மிக நெருக்கம் சீனாவின் டிப்டெரோனியா என்ற மரம். ரம்புத்தான் தூரத்து உறவு.

கொடிமலைவாசி:
எந்த டிஎன்ஏ, செல்வி? பசுங்கணிக டிஎன்ஏ, அதாவது இலைக்குப் பச்சை தரும் நுண்ணுறுப்பில் உள்ளது, பெரும்பாலும் தாய்வழி. சிவப்பு மேப்பிளும் வெள்ளி மேப்பிளும் கலந்து பிறந்தது ஃப்ரீமன் மேப்பிள். அதில் பசுங்கணிகத்தை மட்டும் படித்தால் தகப்பன் எங்கே?

கெப்போங் செல்வி:
நியாயமான கேள்வி. அதற்காகத்தான் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வரும் உட்கரு மரபணுக்களையும் படிக்கிறார்கள், இப்போது நூற்றுக்கணக்கில். இரண்டும் உறவைக் காட்டும் கிளைப்படத்தை வேறு வேறாகத் தந்தால், பழைய கலப்பு நடந்திருக்கலாம், அல்லது இனங்கள் அடுத்தடுத்து வேகமாகப் பிரிந்திருக்கலாம். தாய்வழியை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதில் நானும் உங்கள் கட்சிதான்.

செராஸ் மாணவன்:
அப்போ பழைய மாதிரி இலை, பூ பார்ப்பது தேவையில்லையா?

கெப்போங் செல்வி:
நிச்சயம் தேவை, தம்பி. டிஎன்ஏவுக்காக இலைத்துண்டை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லில் காயவைக்கும்போதே அதே கிளையில் பூவோ காயோ உள்ள கொப்பை அழுத்திப் பாடம்செய்து வைக்க வேண்டும். மரத்தின் பெயர் தப்பாக இருந்தால் டிஎன்ஏ வரிசை எவ்வளவு துல்லியமாக வந்தும் வீண்.

கொடிமலைவாசி:
சரி, சொந்தம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குடும்பம் என்ற கோட்டை டிஎன்ஏ போடவில்லை, ஆட்கள்தான் போடுகிறார்கள். மேப்பிளுக்கு ஏசரேசி என்ற தனிக் குடும்பம் இருந்ததே, அது அப்படியே இருக்கட்டும்.

கெப்போங் செல்வி:
வைக்கலாம். ஆனால் சபிண்டேசி கிளையில் முதலில் பிரிந்தது சாந்தோசெராஸ் என்ற தாவரம். மேப்பிளைத் தனியாக எடுத்தால், மிச்சமுள்ளவை ஒரே மூதாதையின் முழுக் கிளையாக இருக்க, சாந்தோசெராஸுக்கும் தனிக் குடும்பம் தர வேண்டிவரும். 2010இல் அப்படியே முன்மொழிந்தார்கள். ஒரே ஒரு இனத்துக்கு ஒரு குடும்பம், சம்மதமா அண்ணா?

கொடிமலைவாசி:
எனக்குச் சம்மதம்.