சுக்குப் பொடி போட்டால் ஃபில்டர் அடைக்கிறது, பாலும் திரிகிறது. என்ன செய்யலாம்?

பெரம்பூர்வாசி:
மழை பிடித்ததிலிருந்து வீட்டில் எல்லோருக்கும் தொண்டைக்கட்டு. வெறும் சுக்குக் கஷாயம் என்றால் ஒருவரும் வாய் வைக்க மாட்டார்கள். சரி, காப்பியிலேயே சேர்த்துவிடலாம் என்று காப்பித் தூளோடு சுக்கு, மிளகு, ஏலக்காய் பொடித்துக் கலந்து ஃபில்டரில் போட்டேன். வெந்நீர் மேலேயே குளம் கட்டி நிற்கிறது. ராத்திரி போட்டது காலையிலும் அடியை நனைத்த அளவுதான் இறங்கியிருந்தது. பாலிலேயே எல்லாவற்றையும் போட்டுக் கருப்பட்டியோடு கொதிக்கவிட்டால் பால் திரிந்துபோகிறது. கோளாறு சுக்கிலா, கருப்பட்டியிலா?

மாடவீதி மாமி:
ரெண்டிலும்தான்! சுக்கில் மாவுச்சத்து ஜாஸ்தி. வெந்நீர் பட்டதும் ஊறிக் கூழாகி ஓட்டையை அடைத்துக்கொள்ளும். டிகாக்ஷனை எப்போதும் போல வெறும் தூளில் இறக்குங்கோ. ஏலக்காய் வேண்டுமானால் ஒன்றிரண்டாகத் தட்டித் தூளோடு போடலாம், அடைக்காது. சுக்கு, மிளகு, கொஞ்சம் தனியா மூன்றையும் நறநறவென்று தட்டி, ஒரு டம்ளர் தண்ணீர் பாதியாகச் சுண்டும்வரை தனியாகக் கொதிக்க வைத்து வடிகட்டுங்கோ. அடுப்பை அணைத்த பிறகு அதில் டிகாக்ஷனை விடணும். டிகாக்ஷனைக் கொதிக்கவிட்டால் கசந்துவிடும்.

சமையல்கட்டு கெமிஸ்ட்:
பாலுக்கு வருகிறேன். கருப்பட்டி, வெல்லம் எல்லாவற்றிலும் லேசான புளிப்பு உண்டு. கொதிக்கிற பாலில் அது சேர்ந்தால் புரதம் திரண்டுவிடும். காலையில் வாங்கிய பாக்கெட் பால் சாயங்காலம் ஆகும்போது, அதுவும் நம்ம ஊர்ச் சூட்டில், கொஞ்சம் புளிப்பேறித்தான் இருக்கும், சீக்கிரம் திரியும். கருப்பட்டியைக் கஷாயத்தில் கரைத்து, பாலைத் தனியாகக் காய்ச்சி, இரண்டும் கொதி அடங்கியபின் கலக்குங்கள். சுக்குக்குப் பதில் பச்சை இஞ்சி போடுகிறவர்கள் அதை முதலில் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவிட வேண்டும். இஞ்சியில் பாலைத் திரியவைக்கும் நொதி ஒன்று இருக்கிறது, கொதியில் அது செயலிழந்துவிடும்.

நெல்லைக்காரன்:
சுக்குக் காப்பிக்குப் பாலும் காப்பித் தூளும் எதுக்கு அண்ணாச்சி? சாயங்காலம் சைக்கிளில் கேன் கட்டிக்கொண்டு வருகிறவரிடம் ஒரு கப் வாங்கிக் குடித்துப் பாருங்கள். கருப்பட்டி, சுக்கு, மல்லி, அவ்வளவுதான்.

பெரம்பூர்வாசி:
அண்ணாச்சி, அதைக் கொடுத்தால் எங்கள் வீட்டில் வாஷ்பேசினுக்குத்தான் போகும் :)
மாமி சொன்னபடி செய்தேன். டிகாக்ஷன் ஜோராக இறங்கியது, பாலும் திரியவில்லை. டம்ளர் அடியில் மட்டும் மண் மாதிரி நெறநெறக்கிறது.

மாடவீதி மாமி:
கருப்பட்டி மண்ணாக இருக்கும். கரைத்ததும் துணியில் வடிகட்டிக்கோங்கோ. சுக்கைத் தோல் சீவினீர்களா? கடைச் சுக்கில் சிலது சுண்ணாம்பு பூசி வெள்ளையாக இருக்கும், அதுவும் அடியில் தங்கும். 'சுக்குக்குப் புறணி நஞ்சு' என்று எங்கள் பாட்டி சொல்லிச் சொல்லியே சீவவைப்பாள். நன்றாகச் சுரண்டிவிட்டுத் தட்டுங்கோ.