தீ போன சரிவில் வெள்ளை வெள்ளையா வளையம்: சருகடியில இருந்ததெல்லாம் போச்சா?

இலவந்தோப்பு (போடி), மார்ச் 11

போன வாரம் எங்க தோப்புக்கு மேல இருக்கிற சரிவுல தீ வந்துட்டுப் போச்சு. நானும் மச்சானும் பச்சைக் கொப்பு ஒடிச்சு வச்சுக்கிட்டு ராத்திரி முழுக்க வேலியோரம் நின்னோம். நடுவுல வாய்க்கால் கிடக்கிறதால தோப்புக்குள்ள இறங்கல. மேல இருக்கிற பெரிய மரங்களுக்கும் அடிப்பட்டை கருகினதோட சரி.

நாலாம் நாள் வாய்க்காலைத் தாண்டிப் பார்த்தேன். கருப்புத் தரையில அங்கங்க வெள்ளையா சின்னச் சின்ன வளையம். பிள்ளைக காதுல போடுற வளையம் அளவுதான். ஒன்னைத் தொட்டேன், பொலபொலன்னு உதிர்ந்து சுண்ணாம்பு மாதிரி விரல்ல ஒட்டிக்கிச்சு. பக்கத்துல நத்தை ஓடு, அதுவும் வெளேர்னு. வளையம் மரவட்டைன்னு நினைக்கிறேன்.

அதுவரைக்கும் மரத்தைப் பத்தித்தான் கவலை. இப்ப அது இல்ல. மரவட்டை, பூரான், தேள், பேர் தெரியாத பொடிப்பூச்சி, மொத்தமும் போச்சா? சருகை மக்க வைக்கிறதே அதுகதானே. திரும்பி வருமா?

கரிச்சான்

நாலு கோடை தீத்தடுப்புக் காவலரா இருந்தேன். தீக்கு முன்னாடியே கரிச்சானும் பனங்காடையும் வந்து காத்திருக்கும். வெட்டுக்கிளி, வண்டு எல்லாம் பறந்து வெளிய வர, அதுக பிடிச்சுத் தின்னுக்கிட்டே இருக்கும். பறக்கிறதுக்கே அந்த நெலமை. ஆனா மறுநாள் பட்டைக்கல்லைப் புரட்டினா அடியில தேள் உசிரோட உட்கார்ந்திருக்கும். ஒருக்க பூட்ஸ்ல ஏறிருச்சு, அன்னைக்கு நான் குதிச்ச குதியை எங்க டீம் இன்னும் சொல்லிச் சிரிக்கும்.

பெயரில் என்ன

சாம்பல் நல்ல உரம். உண்ணியும் செத்துரும். எங்க தாத்தா காலத்துல ஆடு மேய்க்கிறவங்க தீ வச்சுத்தான் புல்லு வளத்தாங்க. இதுக்குப் போய் இவ்வளவு கவலையா?

மண்ணடி

இலவந்தோப்பு அண்ணா, மரவட்டைதான். அதோட ஓட்டுல சுண்ணாம்புச் சத்து ஜாஸ்தி. மத்ததெல்லாம் எரிஞ்சு அது மட்டும் மிஞ்சும், கிளிஞ்சல் சூளையில நடக்கிற மாதிரி. பயந்தா சுருண்டுக்கிறது அதோட வழக்கம். எறும்புகிட்ட அது செல்லும், தீகிட்ட செல்லாதே.

ஆனா வளையத்தை வச்சுக் கணக்குப் போடாதீங்க. மண்ணுல சூடு மெதுவாத்தான் இறங்கும். சருகு எரியிற இடத்துல சில நூறு டிகிரி இருந்தாலும், தீ நிக்காம ஓடிட்டா நாலு விரல் ஆழத்துல பெரிசா ஏறாது. தவிர இது மார்ச். மண்புழு ஏற்கனவே கீழ இறங்கி, உருண்டையாச் சுருண்டு மழை வரைக்கும் தூங்கிட்டிருக்கும். எறும்பும் கரையானும் புற்றுக்குள்ள. மாட்டினது சருகையே வீடாக் கொண்ட கூட்டம்: சிற்றுண்ணிகள் (ரத்தம் குடிக்கிற உண்ணி இல்ல, சருகுல இருக்கிற பொடிசுக), வாலைத் தட்டித் துள்ளுற ஸ்பிரிங்டெயில்ங்கிற பொடிப்பூச்சி, சின்ன நத்தைகள், கீழ இறங்காத மரவட்டைகள்.

விழுந்த மரம் கிடந்து எரிஞ்ச இடம் மட்டும் வேற கதை. ரெண்டு மூணு நாள் கனன்றிருக்கும். சாம்பலை ஒதுக்கிப் பாருங்க, மண்ணு செங்கல் நிறமா இருந்தா அங்க சூடு ஆழமா இறங்கியிருக்கு.

தீயில தப்பினதுக்கு அடுத்த சோதனை ஏப்ரல் வெயில். சருகு போனா நிழல் போச்சு, ஈரம் போச்சு, சோறும் போச்சு. கருந்தரை வேற வெயிலை உறிஞ்சும். என்னைக் கேட்டா, தீயை விட இதுதான் நிறைய கொல்லுது. அதனால வதங்கிக் கொட்டுற இலையை யாரும் கூட்டி அள்ளாம இருந்தாலே பெரிய உதவி.

நான் மண்ணைக் கவ்வின கதையும் சொல்லிடறேன். எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டுக்காக எரிஞ்ச இடத்துலயும் எரியாத இடத்துலயும், தரையில ஓடுற பூச்சி உள்ள விழட்டும்னு பிளாஸ்டிக் கப் புதைச்சு வச்சேன். எரிஞ்ச பக்கம் எறும்பும் வண்டும் கூடுதலா விழுந்துச்சு. 'தீக்குப் பிறகு பெருகிடுச்சு சார்'னு துள்ளிக்கிட்டுப் போனேன். கைடு, 'சருகு இல்லாத தரையில ஓடுறது சுலபம்மா. கூட ஓடுது, அதான் கூட விழுது'ன்னார். அன்னைக்கு ராத்திரி சாப்பிடவே இல்ல.

திரும்பி வருமான்னா, எறும்பும் இறக்கை உள்ளதும் சீக்கிரம். மரவட்டையும் நத்தையும் நடந்தேதான் வரணும், எரியாம விட்ட துண்டுல இருந்து. 2019-20ல ஆஸ்திரேலியாவின் கங்காரு தீவு கிட்டத்தட்ட பாதி எரிஞ்சப்ப, புதர்ல சிக்கித் தொங்குற சருகுல மட்டும் குடியிருக்கிற ஒரு பொடிச் சிலந்தி, மத்த சிலந்திகளை வேட்டையாடுறது, அழிஞ்சே போச்சுன்னு பயந்தாங்க. அப்புறம் எரியாத ஒரு சின்னத் துண்டுல கிடைச்சுது. உங்க சரிவுக்கு உங்க தோப்பே அந்தத் துண்டு.

@பெயரில் என்ன: சாம்பல்ல சத்து உண்டு, மறுக்கல. பிடிச்சு வைக்கச் சருகு இல்லன்னா முதல் பெருமழையில பாதி ஓடைக்குப் போயிரும். வருசா வருசம் எரிஞ்சா நடந்து வர்றதுக்கு எங்க நேரம்?

பெயரில் என்ன

ஓடைக்குப் போறது சரிதான். எங்க ஊர்ல பார்த்திருக்கேன். உண்ணி விஷயத்துல நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இலவந்தோப்பு, மே 19

கோடை மழை ரெண்டு பெஞ்சுது. மண்ணடி தங்கச்சி சொன்னபடி சாம்பலை ஒதுக்கிப் பார்த்தேன். கட்டை எரிஞ்ச இடத்துல ஒரு சாண் அகலத்துக்குச் செக்கச்செவேல்னு மண்ணு. அதுல ஒரு புல்லுகூட முளைக்கல.

அதைத் தாண்டி நாலடியில கருந்தரை மேல ரத்தத் துளி மாதிரி என்னமோ நகருது. குனிஞ்சா பட்டுப்பூச்சி, மழைக்கு வெளிய வருமே அந்தச் செவப்பு வெல்வெட் பூச்சி! எட்டு காலையும் மடக்கிக்கிட்டு அசையாம கிடந்துச்சு, உள்ளங்கையில வச்சதும் மெதுவா ஊர ஆரம்பிச்சிருச்சு. மண்ணுக்குள்ள இருந்ததுதானே, தப்பிச்சிருக்கு.

வேட்டியை விரிச்சு, ரெண்டு பக்கத்துலயும் ஒரு சுளகு சருகு அள்ளி உதறினேன். தோப்புச் சருகுல மரவட்டை மட்டும் ஏழு. மேல ஒன்னுகூட இல்ல. எறும்பு நிறைய இருந்துச்சு, ஆனா கைடு சொன்னது ஞாபகம் வந்து எண்ணாம விட்டுட்டேன்.

நடுவுல வாய்க்கால்ல தண்ணி ஓடுது. மரவட்டை எப்படித் தாண்டும்னு ஒரு பனமட்டையைக் குறுக்க போட்டு வச்சிருக்கேன். மச்சான் ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறான்.

மண்ணடி

மட்டையை நிழலாப் பார்த்துப் போடுங்கண்ணா. வெயில்ல காஞ்ச மட்டை மேல அது ஏறாது.