ஈஎஸ்சி-யில் தடி வயர் பற்றவைக்க உதவி தேவை

குன்னூர், கோத்தகிரி பக்கம் ஆர்சி (ரிமோட்) கார் ஓட்டும் நண்பர்களே, ஓர் உதவி. மகனுடைய காருக்கு ஈஎஸ்சி, அதாவது மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் போர்டு, மாற்றுகிறோம். மோட்டார் வயர் மூன்றும் நன்றாகப் பிடித்துவிட்டன. பேட்டரி பக்கம், அதுவும் மைனஸ் பேடில்தான் (போர்டில் வயர் பற்றவைக்கும் செம்பு இடம்), 12 கேஜ் தடி வயர் ஒட்டவே மாட்டேன் என்கிறது. ஈயம் பளபளவென்று பரவாமல் மங்கலாக உருண்டை கட்டி நிற்கிறது. லேசாக இழுத்தால் கையோடு வந்துவிடுகிறது. ஈயம் பரவ உதவும் ஃப்ளக்ஸ் தடவியும் அப்படித்தான். ஈயம் 60/40 (வெள்ளீயம் 60, காரீயம் 40), 190 டிகிரிக்குள் உருகிவிடும், அதில் குறை இல்லை. அந்தப் பேடின் செம்புப் பரப்பு பெரியது. என் 25 வாட் கூர்முனை சால்டரிங் அயர்னின் சூட்டையெல்லாம் அதுவும் வயரும் உறிஞ்சிவிடுகின்றன. 60 வாட், பட்டை முனை வாங்கினால் போதுமா? ரொம்ப நேரம் சூடு வைத்தால் பக்கத்துக் கெப்பாசிட்டர் போய்விடுமோ என்று பயம். அப்புறம், ஊட்டிக்குள் யாரிடமாவது நல்ல அயர்ன் இருந்தால் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை போர்டோடு நாங்களே வருகிறோம்.