பொருள்: மறு: உணரி வயர்ப் பிடிப்புக்கு ஒரு சொல்

வணக்கம் ஐயா,

வயர் இணைப்பில் இழுப்பு விழாமல் காக்கும் ஏற்பாட்டுக்கு (strain relief) நீங்கள் முன்வைத்த "விகாரத் தணிப்பு" பிழையில்லை. strain என்பதை நம் பௌதிகப் பாடநூலும் விகாரம் என்றே சொல்கிறது. ஆனால் கிளிநொச்சியில் ரோபோவைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு நிற்கும் மாணவியிடம் "விகாரத்தைத் தணி" என்றால் அவள் கண்ணாடியைத் தேடுவாள்.

போட்டி ரோபோவில் உணரி (sensor) கெடுவது குறைவு, வயர்தான் போகும். பற்றாசு (solder) பிடித்த இடத்தில் ஈயம் செப்பிழைகளுக்குள் ஊறி வயரை விறைக்க வைத்துவிடும். விறைப்பு முடிந்து வளைவு தொடங்கும் ஓரத்தில் இழைகள் ஒவ்வொன்றாக அறும். வெளியுறை முழுதாகவே இருக்கும். மேசையில் ஒழுங்காக வேலை செய்யும் மீயொலி உணரி, போட்டி மேடையில் மோட்டார் அதிர்ந்ததும் பூச்சியம் காட்டும்.

அதனால்தான் நெரித்துப் பொருத்தும் ஜேஎஸ்டி எக்ஸ்எச் (JST XH) வகை இணைப்பிகளுக்கு மாறினோம். ஊசி இடைவெளி 2.5 மில்லிமீற்றர். தலைகீழாகச் செருக முடியாது என்பதால் 5 வோல்ற்று வயரும் புவி (ground) வயரும் இடம் மாறி உணரி கருகுவதில்லை. வயர் அறுந்தால் வயரை மட்டும் மாற்றிவிட்டு, அதே உணரியை அடுத்த ரோபோவிலும் பூட்டலாம். இணைப்பியின் உள்ளே இருக்கும் உலோக முனையில் இரண்டு சோடிச் சிறகுகள் உண்டு. முன்சோடி செப்பை நெரிக்கிறது. பின்சோடி உறையைக் கவ்வுகிறது. இழுப்பை வாங்கிக்கொள்வது பின்சோடிதான். அதற்கு மேல் ரோபோவின் சட்டத்தில் ஒரு வயர்க்கட்டு, இடையில் கொஞ்சம் தளர்வு.

இங்கே எதுவும் தணிவதில்லை. இணைப்பில் விழவேண்டிய இழுப்பை வேறோர் இடம் ஏற்கிறது. ஆகவே சுமைதாங்கி, இடிதாங்கி வழியில் "இழுவைதாங்கி".

> வன்னியில் தாங்கி என்றால் தண்ணீர்த் தாங்கிதானே?

இப்படிக் கேட்ட முல்லைத்தீவுத் தங்கைக்கு: தனியே நின்றால் அப்படித்தான். ஆனால் இடிதாங்கியில் யாரும் தண்ணீர் தேடியதில்லை. எழுத்திலும் வேறுபாடு உண்டு: தண்ணீர்த் தாங்கியில் ஒற்று மிகும், இழுவைதாங்கியில் மிகாது. தயவுசெய்து யாரும் அங்கே "த்" போட்டுவிடாதீர்கள்.

அன்புடன்,
மாங்குளத்திலிருந்து

---

தம்பி,

விகாரத்தை மீளப்பெறுகிறேன். ஒரு சிக்கல் மட்டும் மிச்சம். பின்சோடிச் சிறகும் வயர்க்கட்டும் பொருள்கள். அவற்றை இழுவைதாங்கி என்னலாம். நீர் விடச் சொல்லும் தளர்வு பொருளன்று, அதைத் தாங்கி என்பது எப்படி? பொருளுக்கு இழுவைதாங்கி, ஏற்பாடு முழுவதற்கும் இழுவைதாங்கல் என்று இரண்டாகப் பதிவோம். மறுப்பு இருந்தால் எழுதும்.