கணினியில் தொலைந்த எழுத்து: யாருக்காவது திரும்பக் கிடைத்திருக்கிறதா?

தேனியிலிருந்து:

அப்பா தமிழாசிரியர். வேலை பார்த்த ஊர்களிலெல்லாம் பாட்டிமார் வாயிலிருந்து கேட்ட தாலாட்டும் ஒப்பாரியும் நான்கு நோட்டுகளில் எழுதி வைத்திருந்தார். 2006இல் வீட்டுக்குக் கணினி வந்தது. பாமினி எழுத்துருவில், வேர்டு 2003இல், ஒற்றை விரலால் தட்டித் தட்டி எல்லாவற்றையும் ஏற்றினார். நோட்டுகள் பின்னால் கரையானுக்குப் போயின. அந்தக் கோப்பு ஒன்றுதான் மிச்சம்.

சென்ற வாரம் கணினி மெதுவாக ஓடுகிறதென்று பழுதுபார்க்கக் கொடுத்தோம். விண்டோஸைப் புதிதாகப் போட்டவர், அந்தக் கோப்பு இருந்த டி டிரைவையும் சேர்த்து ஃபார்மேட் செய்து துடைத்துவிட்டார். அப்பா யாரையும் கோபித்துக்கொள்ளவில்லை. அன்று இரவு சாப்பிடவும் இல்லை. இப்படி இழந்ததை மீட்டவர்கள் இருந்தால், எப்படி மீட்டீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள்.

கோயம்புத்தூரிலிருந்து, ஆய்வு மாணவர்:

என்னுடையது சிறிய விபத்துதான், ஆனாலும் சொல்கிறேன். ஆய்வேட்டின் ஓர் இயலைப் புதுக்கோப்பில் இரண்டு மணி நேரம் எழுதிவிட்டு, தூக்கக் கலக்கத்தில் 'சேமிக்க வேண்டாம்' என்பதை அழுத்திவிட்டேன். வேர்டில் 'ஃபைல்', 'இன்ஃபோ', 'மேனேஜ் டாக்குமென்ட்' என்று போனால், சேமிக்காத ஆவணங்களை மீட்கும் வழி ஒன்று இருக்கிறது. வேர்டு தானாகவே பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நகல் எடுத்து வைப்பதால், கடைசி ஒன்றிரண்டு பத்திகள் தவிர எல்லாம் கிடைத்தன. அந்த நகல் நான்கு நாட்கள்தான் தங்கும். ஃபார்மேட் ஆன டிரைவுக்கு இந்த வழி உதவாது, அக்கா.

மதுரையிலிருந்து, டி.டி.பி. நிலையம் நடத்துபவர்:

அம்மா, முதல் வேலையாக அந்தக் கணினியை அணைத்துவிடுங்கள். படம் பார்க்க வேண்டாம், புதிதாக எதையும் நிறுவ வேண்டாம். பட்டாவில் பெயரை அடித்துவிட்டால் நிலம் எங்கும் போய்விடுவதில்லை. விரைவு ஃபார்மேட்டும் அப்படித்தான்: எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற பதிவேடு போகிறது, எழுத்து வன்தட்டில் அப்படியே கிடக்கிறது. அதன்மேல் வேறொன்று எழுதப்பட்டால்தான் உண்மையான அழிவு.

2011இல் ஒரு கும்பாபிஷேக மலர் எங்களிடம் இப்படிப் போயிற்று. அச்சுக்குப் போக மூன்று நாள் இருந்தது. வன்தட்டைக் கழற்றி இன்னொரு கணினியில் மாட்டி, ஃபோட்டோரெக் என்ற இலவச நிரலை ஓட்டினோம். மீட்டதை வேறொரு வட்டில்தான் சேமிக்க வேண்டும். அதே வட்டில் சேமித்தால், தேடுகிற பொருளின்மேலேயே மண்ணைக் கொட்டியதாகும். நிரல் இரவு முழுதும் ஓடியது. விடிந்து பார்த்தால் ஆயிரக்கணக்கில் கோப்புகள், ஒன்றுக்கும் பழைய பெயர் இல்லை, எல்லாம் எண்கள். ஒன்றைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தாறுமாறாக இருந்தது. 'கெட்டுப்போன கோப்பு' என்று என் உதவியாளர் அழிக்கப் போனார். கையைப் பிடித்துத் தடுத்தேன்.

பாமினி, ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனி எண் கொடுத்து எல்லாக் கணினிகளும் புரிந்துகொள்ளும் யூனிகோடு போன்றதல்ல. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை உட்கார வைத்திருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்றுதான் தெரியும். நாங்கள் எழுத்துருவை நிறுவியதும் பக்கம் முழுவதும் தமிழாக எழுந்து நின்றது. ஆகவே, புரியாத எழுத்து வந்தால் அழித்துவிடாதீர்கள். அப்பாவின் பாட்டில் அடிக்கடி வரும் ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு, அதைப் பாமினியில் எந்த விசைகளால் அடிப்பாரோ அந்த ஆங்கில எழுத்துகளையே கோப்புகளுக்குள் தேடுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து, பாடசாலை ஆசிரியை:

எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. என் மடிக்கணினியில் இருந்தது எஸ்.எஸ்.டி. வட்டு, சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் சேமிக்கும் வகை. அதில் ஒரு கோப்பை அழித்தால், 'இந்த இடம் இனித் தேவையில்லை' என்று விண்டோஸ் வட்டுக்குச் சொல்லிவிடும். வட்டு தானே அந்த இடத்தைத் துடைத்துவிடும். டிரிம் என்று அதற்குப் பெயர். ஆறு ஆண்டு வினாத்தாள்களும் அப்படியே போய்விட்டன. சக ஆசிரியை ஒருவருக்கு முன்பு மின்னஞ்சலில் அனுப்பியவை மட்டும் மிஞ்சின. உங்கள் அப்பாவின் கணினி பழையது, சுழலும் வட்டு என்றால் நம்பிக்கை வைக்கலாம், சகோதரி. அவர் யாருக்காவது எப்போதாவது மின்னஞ்சலில் அனுப்பினாரா என்றும் கேட்டுப் பாருங்கள்.

தேனியிலிருந்து, ஒன்பது நாள் கழித்து:

மதுரை ஐயா சொன்னபடியே செய்தோம். அப்பா யாருக்கும் அனுப்பியிருக்கவில்லை. வட்டு பழைய சுழலும் வகைதான். நான்காயிரத்துக்கும் மேற்பட்ட கோப்புகள் வந்து விழுந்தன. எந்தச் சொல்லைத் தேடலாம் என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. 'ஆராரோ' என்றார். விசைப்பலகையைப் பார்க்காமலே விரல் விட்டுச் சொன்னார்: பெரிய எம், யு, எச், பெரிய என், யு, எச்.

மூன்று கோப்புகளில் அது இருந்தது. இரண்டு, பழைய வரைவுகள். மூன்றாவதைத் திறந்து பாமினியை நிறுவியதும் முதல் பக்கத்தில் அப்பா எழுதியிருந்த முன்னுரை வந்தது. நான் வாசிக்க வாசிக்க, அடுத்த வரியை அவர் எனக்கு முன்பே சொல்லிக்கொண்டிருந்தார். ஐயா, உங்கள் உதவியாளர் கையைப் பிடித்தீர்களே, அதில் எங்கள் வீட்டுக் கோப்பும் பிழைத்தது.

தாலாட்டு முழுவதும் கிடைத்துவிட்டது. ஒப்பாரியில் பதினொரு பக்கம் வரவில்லை. வட்டில் துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்த கோப்பை இந்த நிரலால் முழுதாக ஒட்டவைக்க முடியாமல் போவதுண்டு என்று அறிந்தேன். கிடைத்ததை யூனிகோடுக்கு மாற்றி, பென் டிரைவில் ஒன்று, தம்பி வீட்டில் ஒன்று என வைத்துவிட்டோம்.

அந்தப் பதினொரு பக்கத்தையும் பாடியவர் போடிக்குப் பக்கத்து ஊர்ப் பாட்டி. அவர் இப்போது இல்லை. மகள் இருக்கிறாராம், அம்மாவின் பாட்டு அவருக்கும் தெரியுமாம். ஞாயிற்றுக்கிழமை அப்பாவை அழைத்துக்கொண்டு போகிறேன்.